கோர் சிஸ்டம் மாற்றும்போது எங்கே சொதப்பும்?

அமெரிக்காவில் ஒரு ஹெல்த் பிளானின், அதாவது மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியின், கோர் சிஸ்டம் என்பது கிட்டத்தட்ட அந்தக் கம்பெனியேதான். யார் மெம்பர், அவருக்கு என்ன கவரேஜ், எந்த டாக்டருக்கு எந்த ரேட், வந்த க்ளெய்முக்கு எவ்வளவு கொடுப்பது, பிரீமியம் பில் எப்போது போவது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஃபேசட்ஸ், கியூஎன்எக்ஸ்டி, ஹெல்த்ரூல்ஸ் என்று சில பெயர்கள்தான் அடிபடும், அதில் எதை வாங்குவது என்று மாசக்கணக்கில் மீட்டிங் ஓடும். என்னைக் கேட்டால் எதை வாங்கினாலும் சரி, சொதப்புகிற இடம் வேறு. சென்னையில் உட்கார்ந்து இப்படி மூன்று மாற்றங்களுக்கு டெஸ்டிங் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் இடறியது ஒரே இடங்களில்தான்.

பெரிய தப்பு, பழைய சிஸ்டம் என்ன செய்கிறது என்பது டாக்குமெண்டில் இருக்கிறது என்று நம்புவது. பாதி விதிகள் க்ளெய்ம் பார்க்கிற ஆட்களின் தலையில் இருக்கும். ஒரு பிளானில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் க்ளெய்ம்கள் மட்டும் எப்போதும் பெண்டிங்கில் நிற்கும், ஒரு அம்மா அவற்றை எடுத்து, இம்ப்ளாண்டின் (உடம்புக்குள் பொருத்தும் கருவி) இன்வாய்ஸைப் பார்த்து, தன்னுடைய எக்செல் ஷீட்டில் கணக்குப் போட்டு, கையால் விலை ஏற்றி அனுப்புவார். இம்ப்ளாண்டுக்குத் தனியாகப் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பின்னால் சேர்த்த ஒரு பக்கம், பழைய சிஸ்டத்துக்கு அது புரியாது, அதனால் அப்படி ஓர் ஏற்பாடு. அவரை ஒரு மீட்டிங்குக்கும் யாரும் கூப்பிடவில்லை. புது சிஸ்டம் வந்ததும் அந்த க்ளெய்மெல்லாம் கை படாமல் தானாகவே முடிந்தது, ஆட்டோ அட்ஜுடிகேஷன் (ஆள் தொடாமல் சிஸ்டமே க்ளெய்மை முடிப்பது) சதவீதம் ஏறிவிட்டது என்று டாஷ்போர்டைக் காட்டிக் கைதட்டினார்கள். மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது, இம்ப்ளாண்ட் பணம் ஒன்றுக்குக்கூட வரவில்லை என்று.

இதோடு ஒட்டியதுதான் டெஸ்டிங். நாமே உட்கார்ந்து செய்கிற டெஸ்ட் க்ளெய்ம் எப்போதும் சுத்தமாக இருக்கும், நிஜம் அப்படி இருக்காது: பிறந்த குழந்தையின் பெயர் 834 ஃபைலில் (மெம்பர் சேர்க்கை விவரம் வருகிற ஃபைல்) சேரும் முன்பே அதன் க்ளெய்ம் வந்து நிற்கும், வேலையை விட்டவரின் கவரேஜைப் பின்தேதியிட்டு நிறுத்தச் சொல்வார்கள், இன்னொரு இன்சூரன்ஸ் முதலில் கட்ட வேண்டியதாக இருக்கும். கடந்த மூன்று மாத நிஜ க்ளெய்ம்களைப் புதிதில் மறுபடி ஓட்டி, பழைய தொகையோடு சென்ட் சென்டாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வருகிற இடத்தில் பல சமயம் பழையதுதான் தப்பாக இருக்கும், அப்போது எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும், டெஸ்டரிடம் அதைத் தள்ளாதீர்கள். அப்புறம், மெம்பர் டேட்டா அமெரிக்காவை விட்டு வெளியே போகக்கூடாது என்று சில மாநில மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) ஒப்பந்தங்களில் இருக்கிறது. டெஸ்டிங் தொடங்கப்போகிற வாரம் இதைக் கண்டுபிடித்து முழித்த ப்ராஜெக்டில் நானும் இருந்தேன்.

தேதி. ஒரு குடும்பத்துக்கு வருஷ டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் அவர்களே கட்ட வேண்டிய தொகை) 3,000 டாலர், மார்ச்சில் நடந்த ஒரு ஆபரேஷனிலேயே 2,600 கட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். ஜூலையில் சிஸ்டம் மாறுகிறது, அந்த 2,600 கூடவே வரவில்லை என்றால் ஆகஸ்டில் அவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டும். மருந்துக் கணக்கு வேறு கம்பெனியிடம் இருக்கும், டிடக்டிபிள் இரண்டுக்கும் பொது என்றால் அவர்களோடு தினமும் ஃபைல் பரிமாறி இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாம், எல்லாம் பூஜ்யமாகிற ஜனவரி 1 அன்று மாறலாம் என்பார்கள். சரி, ஆனால் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) சேர்க்கை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நடக்கும், புது அட்டை, புது பெனிஃபிட் என்று ஆளே கிடைக்காத காலம் அது. நான் ஜனவரி 1க்கே ஓட்டுப் போடுவேன், ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் ஏற்றக்கூடாது. ஒரு சின்ன குரூப்பை முதலில் ஏற்றி, இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வருஷத்தின் இடையில் ஏறுகிற மற்றவர்களின் டிடக்டிபிள் கணக்கைக் கவனமாக எடுத்து வர வேண்டும்.

டாக்டர் டேட்டாவும் சும்மா விடாது. ஒரே டாக்டர் இரண்டு குரூப்பில், இரண்டு டாக்ஸ் நம்பரில், மூன்று முகவரியில் இருப்பார். பொருத்தம் தவறினால் நெட்வொர்க்குக்கு (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள்) வெளியே என்று கணக்காகி, பில் நோயாளி தலையில் விழும். பழைய சிஸ்டத்தின் லைசென்ஸையும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், பழைய தேதி க்ளெய்ம்கள் ஒரு வருஷம் கழித்தும் வரும்.

க்ளெய்ம் தேங்குவதை ஐடி பிரச்சினை என்று விடுவதுதான் கம்பெனியையே கவிழ்க்கும். நியூயார்க் சட்டப்படி குறையில்லாமல் மின்னணு முறையில் வந்த க்ளெய்முக்கு 30 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்குக் குறைந்தது 12 சதவீத வட்டி. வட்டியைவிட மோசமானது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதே தெரியாமல் போவது. கனெக்டிகட்டின் ஆக்ஸ்ஃபோர்ட் ஹெல்த் பிளான்ஸுக்கு அதுதான் நடந்தது. 1996இல் புது சிஸ்டத்துக்கு மாறினார்கள், பில்லும் போகவில்லை, டாக்டர்களுக்குப் பணமும் போகவில்லை. கடைசியில் பில் அனுப்பியபோது, வருமானத்தில் சேர்த்திருந்த பலர் எப்போதோ விலகியிருந்தார்கள். தேங்கிய க்ளெய்ம்களைப் பார்க்கப் பார்க்க, மருத்துவச் செலவு நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. 1997 அக்டோபர் 27 அன்று நஷ்டத்தை அறிவித்தார்கள், பங்கு ஒரே நாளில் 62 சதவீதம் விழுந்தது.

அதனால் தினமும் காலையில் எத்தனை க்ளெய்ம் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்ற எண்ணிக்கை ஐடிக்கு மட்டுமல்லாமல் ஃபைனான்ஸ் ஆட்களுக்கும் ஆக்சுவரிக்கும் (வரப்போகும் செலவைக் கணிப்பவர்) போகட்டும். சிஸ்டத்தை விற்ற வெண்டரின் ஆட்களை இரண்டாவது வாரமே அனுப்பிவிடாதீர்கள், முதல் மாதக் கணக்கு முடிந்து முதல் பிரீமியம் பில் வெளியே போகும்வரையாவது பிடித்து வையுங்கள்.