முளைப்பாரிக் கூடையில் ஈஸ்டர் முட்டை

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நான் முதல் தடவை வந்தபோது பேத்திக்குப் பதினாலு மாதம். ஈஸ்டருக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணாடித்தாள் சுற்றிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே பிள்ளையின் தலைப் பருமனுக்கு ஒரு சாக்லேட் முயல், மஞ்சள் மார்ஷ்மெல்லோ கோழிக்குஞ்சுகள், ஒரு பொட்டலம் ஜெல்லி பீன்ஸ், அடியில் பச்சை பிளாஸ்டிக் புல். மிட்டாயை எல்லாம் மகள் எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். புல்லைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து டயப்பர் மாற்றும்போது பச்சை இழை ஒன்று கூடவே வந்தது. மகள் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஈஸ்டருக்குக் கூடை என் பொறுப்பு என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் பாலர் வகுப்பு எடுத்தவள் நான். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொருளைவிட வேலைதான் ருசி. எடுக்க வேண்டும், போட வேண்டும், திறக்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி கொட்ட வேண்டும். கூடையில் மிட்டாய் இல்லையே என்று அது அழாது. அந்தக் கவலை பெரியவர்களுக்குத்தான். அதனால் இந்த வயசில் கூடையை மாற்றிவிடுவது சுலபம். நாலு வயசு ஆகி, பக்கத்துப் பிள்ளையின் கூடையை எட்டிப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பேரம் பேச வேண்டியிருக்கும்.

இந்தக் கூடை எங்கிருந்து வந்தது என்று மருமகனிடம் கேட்டேன், தேடிச் சொன்னார். 1700-களில் ஜெர்மன்காரர்கள் பென்சில்வேனியாவில் வந்து குடியேறியபோது, முட்டையிடும் ஈஸ்டர் முயல் கதையையும் கூடவே கொண்டுவந்தார்களாம். முயல் வந்து வண்ண முட்டை இட்டுவிட்டுப் போவதற்காகப் பிள்ளைகள் தொப்பியிலும் துணியிலும் கூடு கட்டி வைப்பார்கள். அந்தக் கூடுதான் நாளடைவில் கூடையானது. கூடு என்றால் அதில் நிஜப் புல் இருக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் முளைப்பாரி ஞாபகம் வந்தது.

கோதுமைப் புல் வளர்ப்பது

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஆனாலும் எங்கள் தெருக் கோடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் பெண்கள் தலையில் முளைப்பாரி சுமந்து போவதை வாசலில் நின்று பார்க்காமல் இருந்ததில்லை. நவதானியத்தை இருட்டறையில் வைத்து முளைக்க வைப்பதால் அது வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்கும். நமக்கு வேண்டியது பச்சை, அதனால் ஜன்னல் ஓரம்.

ஈஸ்டர் வருஷத்துக்கு வருஷம் நகரும். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. எந்த வருஷமானாலும் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, அதற்கும் முந்தின புதன்கிழமை ஆரம்பித்தால் கணக்கு சரியாக வரும், பதினோரு நாள் கிடைக்கும். செவ்வாய் இரவே இந்தியக் கடையில் வாங்கின முழுக் கோதுமை ஒரு டம்ளரை ஊற வைத்துவிடுங்கள். அகலமான மூங்கில் கூடைக்குள் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, இரண்டு அங்குலம் தொட்டி மண் போட்டு, கோதுமையை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகப் பரப்புங்கள். ஈரப்படுத்திய காகிதத் துண்டால் மூன்று நாள் மூடி வையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளித்தால் போதும். முளை அரை அங்குலம் வந்ததும் மூடியதை எடுத்துவிட்டு வெயில் படும் ஜன்னலுக்கு மாற்றிவிடலாம். நியூ ஜெர்சியில் மார்ச் மாதம் வெளியே வைத்தால் குளிரில் படுத்துவிடும்.

முளைக்கிற நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். பூஞ்சணம் என்று நினைத்து முதல் கூடையை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அது வேர்த்தூவி. பூஞ்சணம் என்றால் விதைமேல் சிலந்தி வலை போலப் படரும், நாற்றமும் அடிக்கும். தண்ணீர் அதிகமானால்தான் அது வரும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்கள் பழைய சேலையைக் கிழித்துச் சுருட்டி அடியில் வைத்துவிடலாம். கூடையே வேண்டாம் என்றாலும் சரிதான். ஏப்ரலில் இங்கே மழை, அதனால் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி அதற்குள்ளேயே சாமான்களைப் போடலாம். சின்னப் பூவாளி அல்லது மணல் வாளியும் நல்லதுதான். திங்கட்கிழமையும் உபயோகப்படுகிற பாத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே போவதற்கு முன் ஒரு சோதனை

கழிப்பறைக் காகிதம் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயசுக்குள் இருக்கும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. அமெரிக்க அரசாங்கம் பொம்மைகளைச் சோதிக்க வைத்திருக்கும் குழாயின் குறுக்களவு ஒன்றேகால் அங்குலம். அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் நமக்கு இன்னும் பத்திரம். என் பெட்டியில் இருந்த சாமான்களையே முதலில் அதில் போட்டுப் பார்த்தேன். வகுப்பில் எண்ணுவதற்கு நான் வைத்திருந்த புளியங்கொட்டை, சோழி எல்லாம் விழுந்தன. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியையும் கொண்டுவந்திருந்தேன். அது விஷ விதை, குழாய் வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. நல்லவேளை, மகள் பார்த்துவிட்டாள்.

விளக்கு எரிகிற, சத்தம் போடுகிற சின்ன பொம்மை வாங்கினால் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் நிற மணிகளையும் வீட்டுக்குள் விடாதீர்கள், வயிற்றுக்குள் போய்ப் பெருத்தால் குடலை அடைக்கும்.

உயிருள்ள கோழிக்குஞ்சு, முயல்குட்டி பரிசாகக் கொடுக்கலாமா என்று எங்கள் சபையில் ஒருவர் கேட்டார். ஐந்து வயசுக்குள் இருக்கும் பிள்ளைகள் கோழிக்குஞ்சைத் தொட வேண்டாம் என்று இங்குள்ள சுகாதாரத் துறையே சொல்கிறது, சால்மொனெல்லா கிருமிக்காக. முயலோ எட்டுப் பத்து வருஷம் உயிரோடு இருக்கும். ஈஸ்டர் ஒரே நாள்.

நான் வைத்தவை

கனத்த அட்டைப் புத்தகம் ஒன்று, பக்கத்தைக் கடித்தாலும் தாங்குகிற மாதிரி. நடைபாதையில் வரையும் பருத்த சாக்குக்கட்டி. இரண்டு வயசுக் கைக்கு மெல்லிய கிரேயான் உதவாது, முட்டை வடிவக் கிரேயான் கிடைக்கிறது, அதை உள்ளங்கையால் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கரைந்து போவதாகப் பார்த்து வாங்குங்கள், சுவர் வாடகைச் சுவர். குளிக்கும்போது ஊற்றி விளையாட அடுக்குக் கிண்ணங்கள். சோப்புக் குமிழிப் புட்டி வைத்தால் ஊதும் வேலை நமக்குத்தான் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். பிறகு, சமையலறையில் இருந்து ஒரு சின்ன முட்டை அடிப்பான். அதுதான் எல்லாவற்றையும் தோற்கடித்தது. கம்பிகளுக்கு இடையே துணியைத் திணிப்பதும் பிடுங்குவதுமாக அரை நாள் போனது. அதற்கு நாங்கள் ஒரு காசு செலவழிக்கவில்லை.

இவ்வளவையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். நாலு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் பிள்ளை எதையும் பார்க்காது, கொட்டிவிட்டுப் போய்விடும்.

முட்டைக்குள் என்ன

பிளாஸ்டிக் முட்டையில் பெரிசாக, ஓட்டில் துளை உள்ளதாக எடுங்கள். துளையில்லாத கிண்ணம் போன்ற பாதி ஓடு வாயோடும் மூக்கோடும் கவ்விக்கொண்டால் ஆபத்து. விரிசல் விட்ட முட்டையைக் குப்பையில் போடுங்கள், விளிம்பு கீறும். எட்டு முட்டை போதும்.

மூன்று முட்டையில் என் பழைய சுங்குடிச் சேலையைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து, சுருட்டி வைத்தேன். நுனி மட்டும் வெளியே தெரியும். இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்கு அது மந்திரவாதி வேலை.

மூன்றில் படங்கள். ஊரில் இருக்கும் தாத்தா, சித்தி, எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாய். கடையில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டி, வளைத்து உள்ளே வைத்தேன். திறந்ததும் “தாத்தா!” என்று ஒரு சத்தம். உடனே தாத்தாவை உள்ளே வைத்து மூடி, மறுபடி திறந்து, மறுபடி “தாத்தா!”. பதினேழு தடவை வரை எண்ணினேன், அதற்கப்புறம் விட்டுவிட்டேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் இந்த மனுஷன், “நாய்க்கு எத்தனை தடவை?” என்று கேட்கிறார்.

மிச்சம் இரண்டில் தின்பண்டம். அதில்தான் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ஜெல்லி பீன்ஸ், கடின மிட்டாய், மார்ஷ்மெல்லோ, பாப்கார்ன், முழுக் கொட்டைப் பருப்பு, முழுத் திராட்சை எதுவும் நாலு வயசு வரை வேண்டாம். சர்க்கரை ஒரு பக்கம் இருக்கட்டும், இவை தொண்டையை அடைக்கும் சாமான்கள். நான் ஆசையாகக் கொண்டுவந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் பனங்கற்கண்டும் இதே பட்டியல்தான். பனங்கற்கண்டு சர்க்கரை இல்லை, மருந்து என்று மகளிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. உலர்திராட்சையும் ஒட்டிக்கொள்ளும், அதையும் தவிர்த்தோம்.

கடைசியில் வைத்தது, வாயில் போட்டால் கரையும் உறைய வைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரி, ஒரு பிடி நெல் பொரி. பக்கத்தில் தட்டில், நீளவாக்கில் நாலாகக் கீறிய திராட்சை. வேர்க்கடலை, முந்திரி சேர்ந்த எதையும் வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் கூடையில் கேட்காமல் வைக்காதீர்கள், ஒவ்வாமை யாருக்கு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனிப்பே கூடாதா? அமெரிக்க இதய சங்கம் 2016-ல் சொன்ன கணக்குப்படி இரண்டு வயசு வரை சேர்த்த சர்க்கரை வேண்டாம், அதன் பிறகு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன். பேத்திக்கு இந்தத் தடவை இரண்டு வயசு தாண்டிவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற வெற்று சாக்லேட் முயல் ஒன்று வாங்கி, காதை மட்டும் ஒடித்து, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு கொடுத்தோம். மீதி முயலை யார் தின்றார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. கிண்டர் ஜாய் வேண்டாம், உள்ளே இருக்கும் பொம்மை மூன்று வயசுக்குக் கீழே அல்ல என்று அதன்மேலேயே போட்டிருக்கிறது.

நிஜ முட்டைக்குச் சாயம்

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்த சாயங்காலம் செய்தோம். வெள்ளை ஓட்டு முட்டையாக வாங்கி அவித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பொடியைக் கொதிக்க வைத்த தண்ணீர் அழகான மஞ்சள் தரும். வெங்காயத் தோல் செங்காவி. ஊதா முட்டைக்கோஸ் அவித்த தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் நீலம், அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பீட்ரூட் ஏமாற்றும். தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருக்கும், முட்டையோ அழுக்கு ரோஜா. ஒவ்வொரு கப் சாயத்துக்கும் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் நிறம் பிடிக்கும். பிள்ளைக்குக் கரண்டியால் முட்டையை இறக்குகிற வேலை மட்டும். மஞ்சளை வெள்ளை மேடை மேல் சிந்தாதீர்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தின்னக் கொடுக்காதீர்கள், குளிர்பெட்டியில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதனால் ஒளித்து வைக்க பிளாஸ்டிக், தின்ன நிஜம் என்று பிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பூங்காவில் ஊர்ப் பிள்ளைகளுக்கு முட்டை வேட்டை நடக்கும், ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். அங்கே முட்டைக்குள் மிட்டாய்தான் இருக்கும், தடுக்க முடியாது. பிள்ளைக்கு அது தெரியாது என்பதுதான் நம் பலம். பொறுக்குவதற்கு விடுங்கள். காருக்கு வந்ததும் பையை வாங்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு முட்டையைக் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் மகள் முன்கூட்டியே, “இவளுக்குக் குமிழிப் புட்டி என்றால் உயிர்” என்று சொல்லி வைத்தாள். மிட்டாய் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இந்தத் தடவை அவர் கூடையில் மூன்று புட்டிகள் வந்தன.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம், பேத்தி கோதுமைப் புல்லுக்குப் பிளாஸ்டிக் கத்திரியால் தினமும் முடிவெட்டினாள். அது மஞ்சளாகத் தொடங்கியதும், முளைப்பாரியை ஆற்றில்தானே விட வேண்டும், ராரிட்டன் ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது என்றேன். “அத்தை, அபராதம் போட்டுவிடுவான்” என்றார் மருமகன். வாசல் பூச்செடிக்கு அடியில் போட்டு மண்ணைத் தள்ளினோம்.