இழப்பின் நாட்களில் விசுவாசத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் "எல்லாம் தேவசித்தம், அழாதீர்கள்" என்று அன்பினால் சொல்வதுண்டு. அதற்காக நீங்கள் கண்ணீரை அடக்க வேண்டியதில்லை. இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு அழுதார் என்று யோவான் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதியதும் நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான். துக்கிக்கவே கூடாது என்று அல்ல.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில், வலிந்து ஸ்தோத்திரம் சொல்ல முயன்று களைத்துப்போகாமல், சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். ஆறே வசனங்கள் கொண்ட அதன் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. தினமும் ஒரே வேளையில், வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். இறுதியில் வரும் நம்பிக்கையின் வரிகளை இன்று மனமாரச் சொல்ல முடியாவிட்டால், நான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். 88ஆம் சங்கீதமோ ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது; அதையும் வேதாகமம் ஜெபமாகவே வைத்திருக்கிறது. ஆண்டவர்மேல் கோபம் வந்தால் விசுவாசம் போய்விட்டதென்று பலர் அஞ்சுகிறார்கள். அவரிடமே முறையிடுகிறவர் அவரை விட்டுப் போய்விடவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிறு ஆராதனைதான் பலருக்கும் கடினம். பிரிந்தவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சும், அடக்க ஆராதனையில் பாடிய அதே பாட்டும் நெஞ்சை அடைக்கும். அதற்காகச் சபையை விட்டுவிடாமல், கதவருகே உட்காருங்கள். பாட முடியாதபோது மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். விசாரிப்புகளைத் தாங்க முடியாவிட்டால் ஆசீர்வாதம் முடிந்ததும் புறப்பட்டுவிடுங்கள். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் அவனைக் காயப்படுத்தினார்கள். ஆகவே, பேசாமல் உடனிருக்கத் தெரிந்த ஒருவரை நீங்களே கேட்டு அழைத்துக்கொள்ளுங்கள்.

சரீரத்தையும் கவனியுங்கள். சாகவேண்டுமென்று சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான்; அவன் மறுபடியும் தூங்கவும் செய்தான். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமற்போனால் போதகரிடம் சொல்வதோடு நிற்காமல் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, நாள் பார்க்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.