பினாங்கில் எதற்கு எந்த நேரம்: ஒரு ஷிஃப்ட் வேலைக்காரியின் குறிப்பு

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். 12 மணி நேர ஷிஃப்ட், நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. சொந்த ஊர் கெடா பக்கம், சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டம். இப்போது ஜெலுத்தோங்கில் பழைய அடுக்குமாடி ஒன்றில் எட்டாவது மாடியில் அம்மாவும் நானும் இருக்கிறோம். வாடகை கொடுத்து, அம்மாவின் மருந்துக்கு எடுத்து வைத்து, தம்பி படிப்புக்கு அனுப்பியது போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

“கடல், மலை, சாப்பாடு எல்லாம் பக்கத்திலேயே இருக்கு, கொடுத்து வைத்தவள்” என்று ஊரில் சொல்வார்கள். முதல் மூன்று வருடம் அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகிற இடத்துக்கு எல்லாரும் போகிற நேரத்தில் போவேன். நெரிசலில் நின்று, சுற்றுப்பயணிகள் கொடுக்கிற விலையைக் கொடுத்து, அரை மாதக் கைச்செலவைத் தொலைத்துவிட்டு வருவேன். ஷிஃப்ட் மாறி, ஓய்வு நாள் செவ்வாய், புதன் என்று விழ ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்தத் தீவில் ஒவ்வொன்றுக்கும் மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சம்பளம் உயராமலேயே ஊர் நம்முடையதாகிவிடும். நான் கற்றுக்கொண்ட நேரங்களை இங்கே எழுதுகிறேன்.

காலை ஏழரை, கர்ப்பால் சிங் சாலை

இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தால், நேராக வீட்டுக்குப் போய்ப் படுக்காதீர்கள். நம் நாட்டில் பொழுது தாமதமாகத்தான் விடியும். ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் எழும்ப ஏழரை ஆகிவிடும். ஜெலுத்தோங் கடலோரத்தில் கர்ப்பால் சிங் சாலை கிழக்கே பார்த்தபடி இருக்கிறது. வலப்பக்கம் பாலம், எதிரே பெருநிலப் பக்கத்து செபெராங் பிறை, நடுவில் வெயில் ஏறாத கடல். மாலையில் வண்டி நிறுத்த இடம் தேடி அலையும் அதே சாலையில் காலையில் நடக்க வருகிற சீனப் பெரியவர்களும் தூண்டில் போடுகிறவர்களும்தான் இருப்பார்கள். ஒரு பாக்கெட் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி), ஒரு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம், அரை மணி நேரம் போதும். இரவெல்லாம் வெள்ளை விளக்குக்குக் கீழே மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண்ணுக்கு அந்தத் தூரம் வேண்டும். அதற்கு அப்புறம் தூங்கினால் தூக்கமும் நன்றாக வருகிறது.

மீனுக்கு இரண்டு நேரம்

நல்ல மீன் வேண்டும் என்றால் எட்டு மணிக்குள் சந்தைக்குப் போங்கள். மலிவாக வேண்டும் என்றால் பத்தரைக்கு மேல் போங்கள். அந்த நேரத்தில் கடைக்காரருக்குப் பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும், கேட்டால் குறைப்பார். ஆனால் கண் பளிச்சென்று இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக்கூடப் பையில் போடமாட்டார். பாவால் (வவ்வால் மீன்), செனாங்கின் என்று விலை கூடின மீனுக்கு ஆசைப்படாமல் கெம்போங் (கானாங்கெளுத்தி), செலார் வாங்குங்கள். புளி கரைத்து வைக்கிற குழம்புக்கு கெம்போங்கை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் முடிவு. சீனப் புத்தாண்டு சமயத்தில் மீன் விலை எகிறும், படகுக்காரர்களில் நிறையப் பேர் அப்போது கடலுக்குப் போகமாட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். பையைக் கையோடு கொண்டு போங்கள், பினாங்கில் பிளாஸ்டிக் பை சும்மா கிடைக்காது.

நாசி கண்டாரில் ஏமாறாமல் சாப்பிடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாசி கண்டார் நம் ஆட்களின் சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரி ஒரு கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் கறிப் பானையும் தொங்கவிட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு விற்றது அது. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். உழைக்கிறவன் வயிற்றை நிரப்ப வந்த சோற்றை இன்று உழைக்கிறவன் யோசித்து யோசித்து வாங்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஒரு முறை கோலாலம்பூரிலிருந்து அத்தை மகள் வந்திருந்தாள். பேர் பெற்ற கடை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பெரிய இறால் ஒன்று, மீன் முட்டை ஒரு துண்டு, கணவாய் ஒரு கரண்டி என்று அவள் கை காட்டிக்கொண்டே போனாள். இரண்டு தட்டுக்கு 74 வெள்ளி (ரிங்கிட்). வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மாதம் வேறெங்கும் வெளியே சாப்பிடவில்லை.

கடையில் வரிசையில் நிற்கும்போதே தட்டில் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்தால் கரண்டி தானாக இறங்கிவிடும். முதலில் சோறு, வெண்டைக்காய், அவித்த முட்டை. பிறகு கறியில் ஒன்றே ஒன்று, பொரித்த கோழியோ கோழிக் குழம்போ. இறால், கணவாய், மீன் முட்டை, மீன் தலை இவற்றுக்குக் கரண்டி போகும் முன்பே, “அண்ணே, இது எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாக நடத்துகிற கடைக்காரர் கோபிக்க மாட்டார். “குவா சம்போர்” என்று சொன்னால் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். நாசி கண்டாரின் ருசியே அந்தக் கலப்பில்தான் இருக்கிறது, நான் போகிற கடைகளில் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. நேரம் கேட்டால், நான் பதினொரு மணி என்பேன். பானை அப்போதுதான் இறங்கியிருக்கும், மதிய வரிசை இன்னும் வந்திருக்காது.

வீட்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சோற்றை வீட்டில் வடித்துவிட்டுத் தூக்கோடு போய், கறியும் குழம்பும் மட்டும் தாபாவ் (பார்சல்) செய்துகொள்ளுங்கள். குழம்பைக் கொஞ்சம் கூடவே கேளுங்கள். ஒரு தட்டுக் காசு சொச்சத்தில் அம்மாவும் நானும் இரண்டு வேளை சாப்பிடுகிறோம்.

தண்ணீர்மலையும் நாகலிங்கப் பூவும்

வார நாளில் ஓய்வு விழுந்தால் நான் முதலில் போகிற இடம் தண்ணீர்மலைப் பக்கம். 10-ஆம் எண் பஸ் தாவரவியல் பூங்கா வரைக்கும் போகும், ஆனால் அடிக்கடி வராது, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். 1884-இல் உருவான பூங்கா அது, இன்றும் உள்ளே போகக் காசு இல்லை. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. தண்டிலிருந்தே பூத்துத் தொங்கும் அந்தப் பூவைக் கீழே விழுந்ததாகப் பார்த்து அம்மா ஒன்று எடுத்துக்கொள்வார், அன்று மாலை சாமிப் படத்துக்கு அது போகும். குரங்குகள் ஜாக்கிரதை. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு மூடிவிடுங்கள். அவற்றுக்குத் தீனியும் போடாதீர்கள்.

காலில் தெம்பு இருந்தால் பூங்கா வாசல் பக்கத்திலிருந்தே ஜீப் பாதையில் பினாங்கு மலைக்கு ஏறலாம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர், தார் போட்ட பாதைதான், ஆனால் செங்குத்து. முதல் முறை போகிறவர்கள் 84 என்று சொல்லப்படும் ஓய்விடம் வரைக்கும் ஏறித் திரும்பினாலே போதும். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் மரநிழலிலும் வேர்த்துக் கொட்டும். உச்சிக்கு ரயிலில் போக விரும்பினால் மைகார்டு (அடையாள அட்டை) எடுத்துக்கொள்ளுங்கள், மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. பள்ளி விடுமுறையில் மட்டும் போகவே வேண்டாம்.

பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் பாலதண்டாயுதபாணி கோயில். 513 படி. தைப்பூசத்தன்று அந்தப் படியில் கால் வைக்க இடம் இருக்காது, அது வேறு மாதிரி மகிழ்ச்சி. சாதாரணப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏறிப் பாருங்கள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போது கீழே ஜார்ஜ்டவுனும் கடலும் தெரியும். பல லட்சம் வெள்ளி கொடுத்துக் கோண்டோ வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கிற காட்சி, முருகனிடம் சும்மா கிடைக்கிறது.

மத்தியான வெயில்

வெயிலில் சுற்றினால் குடிக்கிற தண்ணீருக்கும் ஐஸ் கச்சாங்குக்குமே காசு கரைந்துவிடும். பன்னிரண்டிலிருந்து நான்கு வரை உள்ளே இருங்கள். கிரீன் லேனில் பினாங்கு டிஜிட்டல் நூலகம் இருக்கிறது, குளிர்சாதனம், வைஃபை எல்லாம் இலவசம். தம்பி பரீட்சைக்கு அங்கேதான் படித்தான். நான்குக்கு மேல் லிட்டில் இந்தியா. ஜெட்டிக்கும் (படகுத்துறை) கொம்தார் கோபுரத்துக்கும் இடையே ஓடும் கேட் (CAT) பஸ்ஸுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே லெபு பாசார் தெருவில் பாட்டுச் சத்தமும் சாம்பிராணிப் புகையுமாக இருக்கும். வடை எண்ணெயிலிருந்து இறங்குகிற நேரம் அது. இரண்டு வடை, ஒரு தே தாரிக், ஒரு முழம் மல்லிகை. அப்படியே குயின் தெரு மாரியம்மன் கோயிலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். 1833-இல் கட்டிய கோயில். அந்தத் தெருவில் நிற்கும்போது நான் வெளியூர்க்காரி என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை.

இரண்டு வெள்ளியில் கடல்

தீவிலேயே எனக்கு மிகவும் பிடித்த செலவு ஃபெரி. அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஆளுக்கு 2 வெள்ளி. பழைய பெரிய ஃபெரிகள் கார்களை ஏற்றிக்கொண்டு போகும். அது 2020 முடிவோடு நின்றுபோனது. 2023-இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களும் மட்டும்தான். சில்லறைக் காசு நீட்டினால் செல்லாது, அட்டையோ கைப்பேசியோ தயாராக இருக்கட்டும்.

நேரம் முக்கியம். இங்கிருந்து ஆறரை வாக்கில் போய், அந்தப் பக்கம் ஒரு தே ஓ குடித்துவிட்டு, ஏழு மணியை ஒட்டித் திரும்பி வாருங்கள். சூரியன் தீவின் மலைக்குப் பின்னால்தான் இறங்கும், அதனால் வருகிற வழியில்தான் முழுக்காட்சி. கொம்தார் கறுத்து நிற்க, வானம் செந்தூரமாக, ஜெட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். குளிர்சாதன அறைக்குள் உட்காராமல் காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு மலை, படி எதுவும் முடிவதில்லை. மாதம் ஒரு முறை இந்தப் பயணம் மட்டும் தவறுவதில்லை. அன்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வருவார்.

பாலத்தில் போவதாக இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரியிலிருந்து டோல் இல்லை. ஆனால் நடுப்பாலத்தில் காற்று பலமாக அடிக்கும், மழையில் வேண்டாம்.

கடலில் குளிப்பது பற்றி ஒரு வார்த்தை. பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் 101-ஆம் எண் பஸ்ஸில் போகலாம், மணலில் உட்காரக் காசு இல்லை. ஆனால் ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். பினாங்குக் கடலில் கொடிய வகையும் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மழை மாதம், அப்போது வெளியூர்த் திட்டம் எதுவும் போடாமல் இருப்பது நல்லது.

டுரியானுக்கும் நேரம் இருக்கிறது. பாலேக் பூலாவில் ஆண்டு நடுவில் பருவம். தொடக்கத்தில் அவசரப்பட்டு வாங்குகிறவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். பழம் குவியத் தொடங்கியதும், வார நாளில் காலையில் 401-ஆம் எண் பஸ் ஏறிப் போங்கள். இரவில் விழுந்த பழம் அப்போது கடைக்கு வந்திருக்கும். டுரியானோடு பஸ் ஏற விடமாட்டார்கள், அதனால் அங்கேயே உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கிண்ணம் லக்சாவையும் (மீன் குழம்பில் நூடுல்ஸ்) முடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். ஜூலை ஷிஃப்ட் அட்டவணை போன வாரம் கைக்கு வந்தது. ஒரு செவ்வாயும் புதனும் சேர்ந்தாற்போல் ஓய்வு. அம்மா காலண்டரில் ஏற்கெனவே வட்டம் போட்டுவிட்டார்.