கூரை மாற்றும் வேலைக்கு டம்ப்ஸ்டர் வாடகைக்கு எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்களில் பலர், பழைய கூரையைப் பிரித்துப் புதிய ஷிங்கிள் (கூரைமேல் அடுக்கும் தகடுகள்) போடும் நாள் வரும்போதுதான் டம்ப்ஸ்டர் எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியை முதன்முறையாக வாடகைக்கு எடுக்கிறார்கள். முழு வேலையையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், கழிவை அகற்றும் செலவு பெரும்பாலும் அவருடைய விலைப்புள்ளியிலேயே அடங்கியிருக்கும்; அது எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள்கூலியை மட்டும் பேசிவிட்டுக் குப்பையை அகற்றும் பொறுப்பை நீங்களே ஏற்றிருந்தால், கீழே உள்ள படிகள் உதவும்.

படி 1: முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

புதிதாக எடுப்பவர்கள் தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கூரைக் கழிவைப் பொறுத்தவரை அது தவறான கேள்வி. ஆஸ்பால்ட் ஷிங்கிள் என்பது தாரும் கல்பொடியும் சேர்ந்த பொருள் ஆகையால், தொட்டி பாதிகூட நிரம்பாத நிலையிலேயே வாடகையில் அடங்கிய எடை வரம்பை எட்டிவிடும்.

கூரைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு 'ஸ்கொயர்' என்பார்கள். இறவாரத்தையும் சேர்த்து வீட்டின் நீள அகலத்தைத் தரையில் நின்றபடியே அளந்து பெருக்கினால் கூரையின் கிடைப்பரப்பு கிடைக்கும். அதைச் சரிவுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். சரிவை அறியக் கூரைமீது ஏற வேண்டியதில்லை. பரணுக்குச் சென்று, ரசமட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடைமட்டமாகப் பிடித்து, அந்த முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளியுள்ள இடத்தில் மட்டத்துக்கும் கைமரத்துக்கும் இடையே செங்குத்தாக எத்தனை அங்குலம் இருக்கிறது என்று அளந்தால் போதும். 4 அங்குலம் இருந்தால் கிடைப்பரப்பை 1.05 ஆலும், 6 இருந்தால் 1.12 ஆலும், 8 இருந்தால் 1.2 ஆலும் பெருக்குங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிடைப்பரப்பு 1,600 சதுர அடி, சரிவு 6 அங்குலம் என்றால், கூரைப்பரப்பு ஏறத்தாழ 1,800 சதுர அடி, அதாவது 18 ஸ்கொயர். மெல்லிய மூன்று மடல் ஷிங்கிள் ஸ்கொயருக்குச் சுமார் 200 முதல் 250 பவுண்டும், தடித்த ஆர்க்கிடெக்சுரல் வகை 250 முதல் 350 பவுண்டும் இருக்கும். 300 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 5,400 பவுண்டு. அடியில் விரித்த தார்த்தாள், ஆணி, உளுத்த பலகை ஆகியவற்றையும் சேர்த்தால் 6,000 பவுண்டு, அதாவது 3 டன். இங்கே டன் என்பது 2,000 பவுண்டு. நாம் பள்ளியில் படித்த 1,000 கிலோ அன்று.

எத்தனை அடுக்கு ஷிங்கிள் இருக்கிறது என்பதையும் கூரையின் ஓரத்தில் எண்ணிப் பாருங்கள். பழையதைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதியதைப் போட்டிருந்தால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

படி 2: தொட்டியின் அளவைத் தேர்ந்தெடுங்கள்

'10 யார்டு', '20 யார்டு' என்று அவர்கள் சொல்வது கன கெஜக் கணக்கு. ஒரு கன கெஜத்தில் சுமார் மூன்று ஸ்கொயர் ஷிங்கிள் அடங்கும் என்று பொதுவாகக் கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் நம் 18 ஸ்கொயர் கூரைக்கு 10 யார்டு தொட்டியே போதும். ஆனால் அந்த வாடகையில் 2 டன் வரைதான் சேர்ந்திருந்தால், மீதி ஒரு டன்னுக்குத் தனியாகப் பணம் கட்ட நேரிடும். ஆகவே, அதிக எடைக்கு இடம் தரும் 20 யார்டு தொட்டியின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். 30, 40 யார்டு தொட்டிகள் இந்த வேலைக்குத் தேவையில்லை.

படி 3: பதிவு செய்யும் முன் கேளுங்கள்

கூரை ஷிங்கிள் என்று வெளிப்படையாகச் சொல்லி விலை கேளுங்கள். சில நிறுவனங்கள் அதற்குத் தனி விலை வைத்திருக்கின்றன. எத்தனை டன், எத்தனை நாள் அடக்கம், மிகுதியான டன்னுக்கும் நாளுக்கும் எவ்வளவு, லாரி வந்து எடுக்க முடியாமல் திரும்பினால் கட்டணம் உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள். வீடு 1980களுக்கு முந்தையது என்றால், பழைய கூரைப்பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் பிரிக்கத் தொடங்காதீர்கள்.

படி 4: இடத்தை ஆயத்தப்படுத்துங்கள்

வீட்டு டிரைவ்வேயில் வைப்பதே எளிது. தெருவில் வைப்பதானால் பெரும்பாலான நகராட்சிகளில் அனுமதி பெற வேண்டும். எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கம் இருக்கும் குடியிருப்பில் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தொட்டியை இறக்க லாரிக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 60 அடி நீளமும், மேலே கம்பியோ மரக்கிளையோ குறுக்கிடாமல் 25 அடி உயரமும் வேண்டும். தொட்டியின் இரும்பு உருளைகள் படும் இடங்களில் தடித்த பலகைகளைப் போட்டு வையுங்கள். ஜூலை வெயிலில் நான் அதைச் செய்யத் தவறியதால், எங்கள் தார் டிரைவ்வேயில் இரண்டு பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. தொட்டி வருவதற்கு முன்பே காரைக் கராஜிலிருந்து வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அது எடுக்கப்படும்வரை காரும் உள்ளேயே கிடக்கும்.

படி 5: நிரப்பும்போது

பின்கதவைத் திறந்து உள்ளே நடந்து சென்று பரப்பிப் போடத் தொடங்கினால், சுமை ஒரே பக்கமாகக் குவியாது. விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். பெயின்ட், பேட்டரி, டயர் போன்றவற்றைப் போடக் கூடாது. நம்முடையது என்றில்லை, அக்கம்பக்கத்தார் இரவில் போட்டாலும் எடை நம் கணக்கில்தான் ஏறும். ஆகையால் ஒவ்வொரு மாலையும் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டுங்கள். மழையில் நனைந்த குப்பையின் நீருக்கும் டன் கணக்கில்தான் விலை.

படி 6: எடுத்துச் சென்ற பிறகு

குப்பைக் கிடங்கின் எடைச்சீட்டு நகலைக் கேட்டு வாங்கி, படி 1-இல் நீங்கள் போட்ட கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு ஒரு டன்னைத் தாண்டினால் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். தொட்டி நின்ற இடத்திலும் புல்தரையிலும் காந்தம் பொருத்திய தள்ளுவண்டியை இருமுறை, ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும், ஓட்டி ஆணிகளைப் பொறுக்கிய பின்னரே காரை உள்ளே கொண்டுவாருங்கள்.