சக்தி படைத்தவர்களின் உலகில் ஒரு கொலையை எழுதுவது எப்படி?

நல்லவர் கெட்டவர் என்ற கோடு மங்கிய, இருண்ட குற்றக் கதைகளான நுவார் பாணித் துப்பறியும் நாவலில் சூப்பர் ஹீரோக்களையும் இணை உலகங்களையும் சேர்க்க விரும்புகிறவர் முதலில் உணர வேண்டியது, இம்மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடியவை என்பதே. சுவரை ஊடுருவிப் பார்க்கிறவனுக்குத் தடயம் தேவைப்படாது. இறந்தவர் இன்னோர் உலகில் நலமாக இருக்கிறார் என்றால் அந்தச் சாவுக்குக் கனமிராது. ஆகவே யாரால் என்ன முடியும் என்பதைவிட, என்ன முடியாது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சக்திக்கு எல்லை வகுக்கும்போது, அந்த எல்லையே தடயமாகும்படி வகுப்பது நல்லது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார்; அப்போதும் அவருடைய இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அத்தகைய ஒருவர் கொலை செய்தால், துப்பறிவாளர் சம்பவ இடத்தில் தேட வேண்டியது கருகிய மின்செருகியை என்பது வாசகருக்கே புலப்பட்டுவிடும்.

மாற்று உலகத்தைப் பொறுத்தவரை, வரலாறு திசைமாறிய ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதன் விளைவைத் தெருமுனை வரை கொண்டுசெல்லுங்கள். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87-இல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட 'வாட்ச்மென்' காமிக்ஸ் ஒரு கொலை விசாரணையில்தான் தொடங்குகிறது. அதன் உலகில் அமெரிக்கா வியட்நாம் போரை வென்றிருக்கிறது, 1985-லும் நிக்சனே அதிபராக இருக்கிறார். என் பார்வையில் இவற்றைவிடக் கூர்மையானது, முகமூடி நாயகர்கள் நிஜமாகவே உலவும் அந்த நாட்டின் பெட்டிக்கடையில் ஒரு சிறுவன் நாயகர் கதையை அல்லாமல் கடற்கொள்ளையர் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருப்பதுதான்.

உலகங்களுக்கிடையே போய்வர வேண்டுமானால் இரண்டு உலகங்களே போதும். குவாண்டம் இயற்பியலுக்கு இயற்பியலாளர் ஹ்யூ எவரெட் 1957-இல் முன்வைத்த விளக்கத்தைத் துணைக்கு அழைப்பவர்கள் பலர். ஆனால் அதிலிருந்து பிறந்த, ஒவ்வொரு சாத்தியமும் தனி உலகக் கிளையாகப் பிரிகிறது என்னும் பல்லுலகக் கருத்தில், பிரிந்த கிளைகளுக்கிடையே மனிதர் நடமாட வழியேதும் இல்லை. எனவே கடக்கும் முறையையும், கடப்பதற்கான விலையையும் நீங்களேதான் விதிக்க வேண்டும்.

இக்கலவையின் உண்மையான வளம் அடையாளக் குழப்பத்தில் இருக்கிறது. ஒருவர் பிறந்த பிறகே உலகங்கள் பிரிந்தன என்று வைத்துக்கொண்டால், கருவிலேயே உருவாகிவிடும் கைரேகை, இரண்டு உலகங்களிலும் வாழும் அவருடைய இரு பிரதிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். பல் அடைப்பு, கூடிய எலும்பு முறிவு, தழும்பு போன்ற வாழ்க்கை இட்ட குறிகளே இருவரையும் பிரித்துக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2000-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இருபது வயது இளைஞனின் சடலம் கிடைக்கிறது. அவன் மேற்கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு வழக்கமாக அத்தடுப்பூசி போடுவது 1972-இல் நின்றுவிட்டது. 1980-இல் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. அப்படியானால் பெரியம்மை ஒழியாத ஓர் உலகிலிருந்து வந்தவனா அவன்? அந்த முடிவுக்குத் தாவும் முன், அவன் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவனா என்பது போன்ற சாதாரண விளக்கங்களைத் துப்பறிவாளர் ஒவ்வொன்றாக விசாரித்து விலக்க வேண்டும்; நடு அத்தியாயங்களை நிரப்ப இந்த அலைச்சலே போதும்.

துப்பறிவாளருக்குச் சக்தி எதுவும் தராதீர்கள். வாடகை பாக்கியும் பழைய விசுவாசங்களும் உள்ள சாதாரண மனிதர், ஊரே கொண்டாடும் ஒரு நாயகனிடம் கூலி வாங்கிக்கொண்டு விசாரிக்கும்போதுதான் நுவாருக்குரிய அழுக்கு கதைக்குள் வருகிறது. கொலையாளியைக் கண்டுபிடித்தாலும் அவனைத் தண்டிக்க யாருக்கும் துணிவிருக்காது.

முதல் வரைவு முடிந்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியே எடுத்து, மர்மம் அவிழப் பயன்பட்ட ஒவ்வொரு விதியும் முன்பு எந்தப் பக்கத்தில் சொல்லப்பட்டது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பக்க எண் கிடைக்காத விதியை, மதுக்கடைச் சண்டை போன்ற முக்கியமற்ற ஒரு காட்சிக்குள், பாதிக் கதைக்கு முன்பாகவே நுழைத்துவிடுங்கள். அதற்கு இடமே அமையவில்லை என்றால் மாற்ற வேண்டியது கொலை நடந்த விதத்தைத்தான்.