இடைத்தவணைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஏன் சரிந்தது? ஒரு கொப்பியும் பேனாவும் போதும்

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலையில் காரணம் சொல்ல வருகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். விலைவாசி என்பார்கள், தலைவரின் வாய்க்கொழுப்பு என்பார்கள், இளைஞர்கள் கைவிட்டார்கள் என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதே விலைவாசியோடு இன்னொரு கட்சி தப்பிப் பிழைத்தது எப்படி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும்.

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிமுறைக்கு வந்தால் மாணவர்கள் தடக்குப்படும் இடம் இடைத்தவணைத் தேர்தல்தான். ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டுகள். அதன் நடுவில் பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களுக்கும், செனட் சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல். கடந்த 100 ஆண்டுகளில் ஜனாதிபதியின் கட்சி அதில் பிரதிநிதிகள் சபை ஆசனங்களைக் கூட்டிக்கொண்டது 1934, 1998, 2002 ஆகிய மூன்று முறைதான். தோற்பதே வழக்கம். ஆகையால் "ஏன் தோற்றது?" என்று தொடங்காதீர்கள். "ஏன் இவ்வளவு தோற்றது?" என்று கேளுங்கள்.

கொப்பியில் இரண்டு நிரல்கள் போடுங்கள்: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி. மேலே பெரிய தேர்தல் நடந்த ஆண்டு, கீழே இடைத்தவணை ஆண்டு. கட்டங்களுக்குள் வாக்குகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். வீதத்தை எழுத வேண்டாம். வீட்டில் இருந்துவிட்டவர் வீதக் கணக்கில் காணாமற் போய்விடுவார். நமக்கு வேண்டியவரோ அவர்தான்.

கை பழகுவதற்கு முதலில் நம் நாட்டுக் கணக்கைப் போடலாம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு 68 இலட்சத்து 63 ஆயிரம் வாக்குகள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 45 இலட்சத்து 4 ஆயிரம். ஆறே மாதங்களில் ஏறக்குறைய 23 இலட்சத்து 60 ஆயிரம் குறைந்துவிட்டது. அத்தனையும் பிரதான எதிர்க்கட்சிக்குப் போயிற்றா? ஐக்கிய மக்கள் சக்தி 19 இலட்சத்து 69 ஆயிரத்திலிருந்து 22 இலட்சத்து 58 ஆயிரத்துக்கு வந்தது. கூடியது 3 இலட்சம்கூட இல்லை. செல்லுபடியான மொத்த வாக்குகள் 7 இலட்சத்துக்கு மேல் குறைந்தன. மிச்சம் சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிதறிற்று. பிரதேச சபைக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவர் நிற்கும்போது கட்சிச் சின்னத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. அமெரிக்கக் கணக்கில் இந்தச் சிதறல் இவ்வளவு இருக்காது.

வராதவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆசிரியை என்பதால் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமை கிடைத்தது. ஜனாதிபதித் தேர்தலன்று காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நிற்கும். பத்து மணிக்குள் வாக்காளர் இடாப்பில் பக்கத்துக்குப் பக்கம் கோடுகள் விழுந்திருக்கும். உள்ளூராட்சித் தேர்தல் ஒன்றில் அதே மேசையில், அதே இடாப்போடு இருந்தேன். மத்தியானம் ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஐந்தாறு கோடுகள்தான். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று நிம்மதியாகப் படுத்திருந்தன. உள்ளே வந்தவர்களோ குழாயில் தண்ணீர் வராதவர்கள், குப்பை வண்டி எட்டிப் பார்க்காத வீதிக்காரர்கள். வீதிக்குத் தார் போட்டுக் கிடைத்தவர் நன்றி சொல்ல வெயிலில் வருவதில்லை.

அன்றிலிருந்து வகுப்பில் அடித்துச் சொல்லத் தொடங்கினேன்: இடைத்தவணையில் வாக்களிப்பு குறையும், குறைந்தால் ஆளுங்கட்சி தோற்கும். கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "டீச்சர், 2014இல் அமெரிக்காவில் வாக்களிப்பு 1942க்குப் பிறகு மிகக் குறைவு. 2018இல் 1914க்குப் பிறகு மிக அதிகம். இரண்டிலும் ஜனாதிபதியின் கட்சிதானே தோற்றது?" அவள் பஸ் ஏறிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போயிருப்பாள், நான் மட்டும் அந்தக் கேள்வியோடு இரவு வரைக்கும் இருந்தேன்.

விடை கொப்பியில்தான் இருந்தது. 2016இல் பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சி பெற்றது சுமார் 6 கோடி 32 இலட்சம், ஜனநாயகக் கட்சி 6 கோடி 18 இலட்சம். 2018இல் குடியரசுக் கட்சி 5 கோடி 9 இலட்சம், ஜனநாயகக் கட்சி 6 கோடி 6 இலட்சம். ஜனாதிபதி ட்ரம்ப்பின் குடியரசுக் கட்சி 1 கோடி 23 இலட்சத்தை இழந்தது, எதிர்க்கட்சி இழந்தது 12 இலட்சம்தான். "மிக அதிகமான" வாக்களிப்பு என்றது பழைய இடைத்தவணைகளோடு ஒப்பிட்டு. ஜனாதிபதித் தேர்தலோடு ஒப்பிட்டால் அப்போதும் குறைவே. 2010ஐப் போட்டாலும் இதே சாயல்: ஜனாதிபதி ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி 2008இன் 6 கோடி 52 இலட்சத்திலிருந்து 3 கோடி 90 இலட்சத்துக்கு இறங்கியது, எதிர்த்தரப்புக்குக் குறைந்தது 74 இலட்சம். மொத்தத்தைப் பார்த்தது என் பிழை. எந்தப் பக்கத்து ஆட்கள் கூடுதலாக வராமல் போனார்கள் என்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கழித்தலுக்கு ஒரு எல்லை உண்டு. குறைந்தவர் வீட்டில் இருந்தாரா, கட்சி மாறினாரா என்று அது சொல்லாது. பத்துப் பேர் மாறிப் போக, எதிர்க்கட்சியில் பத்துப் பேர் வராமல் விட்டால் அங்கே எண்ணிக்கை அசையாது. போட்டியே இல்லாத தொகுதிகளும் கணக்கைக் கொஞ்சம் குழப்பும்.

அடுத்து, விழுந்தவர் எந்த உயரத்தில் நின்றார் என்று பாருங்கள். ஒபாமா வென்ற 2008இல் ஜனநாயகக் கட்சி 257 ஆசனங்களைப் பிடித்தது. அவற்றில் பல வழக்கமாக மற்றக் கட்சிக்குப் போகிறவை. 2010இல் 63 ஆசனங்கள் போயின. பைடன் வென்ற 2020இல் அதே கட்சிக்கு 222தான். 2022இல் போனது 9. அந்த ஜூன் மாதத்தில் பணவீக்கம் 9.1 வீதம், 40 ஆண்டுகளில் காணாத அளவு! விலைவாசிதான் எல்லாம் என்கிறவர்களுக்கு நான் நீட்டும் பக்கம் இது. அதே ஜூனில் கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்கமாக எதிர்க்கட்சிப் பக்கம் இருக்கும் கோபம் அந்த முறை ஆளுங்கட்சிக்காரரையும் வாக்களிப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்தது.

எந்த ஆசனங்கள் தேர்தலுக்கு வந்தன என்பதையும் விடாதீர்கள். 2018இல் பிரதிநிதிகள் சபையில் 40 ஆசனங்களை இழந்த குடியரசுக் கட்சி, அதே நாளில் செனட்டில் 2 ஆசனங்களைக் கூட்டிக்கொண்டது. காரணம், ஜனநாயகக் கட்சியின் செனட்டர்கள் பத்துப் பேர் 2016இல் ட்ரம்ப் வென்ற மாநிலங்களில் நிற்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் எழுதிய பிறகு விலைவாசிக்கும் தலைவரின் வாய்க்கும் வாருங்கள். மிஞ்சியிருக்கும் இடம் சின்னதாகத்தான் இருக்கும்.

2026 நவம்பர் 3ஆம் திகதி இடைத்தவணைக்கான மேல் நிரையை நான் எழுதிவைத்திருக்கிறேன்: 2024இல் குடியரசுக் கட்சி சுமார் 7 கோடி 44 இலட்சம் வாக்குகள், 220 ஆசனங்கள்; ஜனநாயகக் கட்சி 7 கோடி 6 இலட்சம், 215. கீழ் நிரைக்குப் பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே எண்ணி முடிக்கச் சில கிழமைகள் எடுக்கும்.