பசை அச்சிடும் ஸ்டென்சிலுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

ஸ்டென்சில் என்பது துளைகள் வழியே பசையைப் பரப்பில் அச்சிடும் தகடு. அதன் வரைபடத்தோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது: இந்தத் துளை பசையை என்ன செய்கிறது? உரிமைக்கோரலில், அதாவது எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று விண்ணப்பத்தில் சொல்லும் வாசகத்தில், ‘சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) அச்சிட’ என்று சேர்த்துவிட்டால் மட்டும் புதுமை வந்துவிடாது. அதே அமைப்பில் சாலிடர் பேஸ்ட் (சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் உலோகக் குழம்பு) அச்சிடும் தகடு ஏற்கெனவே இருந்து, அதில் சீலன்டும் அச்சிட முடியுமென்றால், ஐரோப்பிய நடைமுறையில் கருவிக்கான கோரல் அங்கேயே விழும்.

அதனால் தேடலைப் பசையோடு நிறுத்தாதீர்கள். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் ஸ்டென்சில்களுக்கான பி05சி 17/06, பி41என் 1/24, சர்க்யூட் போர்டுகளுக்கான எச்05கே மூன்றையும் துழாவுங்கள். அலுப்பான வேலைதான்.

அடுத்தது கண்டுபிடிப்புத் திறன், அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருப்பது. இங்கேதான் பெரும்பாலானவை சறுக்கும். தகட்டைத் தடிமனாக்கினேன் என்றால் பரிசோதகர் அசைய மாட்டார். துளைச்சுவர் கீழ்நோக்கி விரிவதும் பேஸ்ட் அச்சில் பழைய சங்கதி. ஆனால் துளையின் அடிவிளிம்பில் ஒரு சிறு படி வெட்டியதால், தகட்டைத் தூக்கும்போது பசை நூலாக இழுபடாமல் சட்டென்று அறுகிறதா? அது பேசக்கூடிய விஷயம். படி உள்ள துளை, இல்லாத துளை இரண்டிலும் ஒரே பசையை அச்சிட்டு, இழுபடும் பசைநூலின் நீளத்தை அளந்து விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். தாக்கல் செய்தபின் புதிய தொழில்நுட்ப விவரத்தை அதில் நுழைக்க முடியாது.

மாதிரித் தகட்டை வாடிக்கையாளரிடம் காட்டுவதெல்லாம் தாக்கலுக்குப் பிறகுதான். அவசரமென்றால் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கருவிக் கோரலோடு அச்சிடும் முறைக்கும் தனிக் கோரல் வையுங்கள். தகடு பழையதென்று தள்ளப்பட்டாலும் முறை சிலநேரம் தப்பிக்கும்.